ஹக்கோடாட்டே: ஒரு துறைமுக நகரமும் அதன் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் போகிறவர்கள் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா பார்த்துவிட்டு நேரம் இருந்தால் வடக்கே ஹொக்கைடோ தீவுக்குப் போகிறார்கள். அங்கேயும் சப்போரோதான் முதலில். வழியில் இருக்கும் ஹக்கோடாட்டேக்கு ஒரு மாலை நேரம் மட்டும் ஒதுக்குவார்கள். மலை மேல் ஏறி, ஊரின் விளக்குகளைப் படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை ரயில். இந்த ஊரின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் அப்படிக் கிளம்ப மனம் வராது என்று உறுதியாக நம்புகிறேன். கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஹக்கோடாட்டே எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரிய ஊர்?

ஹொக்கைடோவின் தெற்குக் கோடியில், சுகரு நீரிணையை ஒட்டி இருக்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் ஹொன்ஷு தீவின் அவோமோரி. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 2,51,000. அதன் பிறகும் குறைந்துகொண்டுதான் வருகிறது.

1920ல் ஜப்பான் எடுத்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் ஹொக்கைடோவின் மிகப் பெரிய ஊர் இதுதான். அப்போது இங்கே சுமார் 1,45,000 பேர். சப்போரோவில் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டிய கூட்டம். இன்று சப்போரோவில் 19 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்பதற்குக் கீழே வரும் பதில்களில் பாதி விடை இருக்கிறது.

அந்த இரவுக் காட்சி ஏன் அவ்வளவு பிரபலம்?

ஊரின் அமைப்புதான் காரணம். ஹக்கோடாட்டே மலை 334 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் அது கடலுக்குள் தனித் தீவாக நின்றது. அலையும் நீரோட்டமும் பல்லாயிரம் ஆண்டுகளாக மணலைக் கொண்டுவந்து சேர்த்து, தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஒரு மணல் திட்டை உருவாக்கின. நகரத்தின் பழைய பகுதி அந்தத் திட்டின் மேல்தான் நிற்கிறது. மலையிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் துறைமுகம், வலப்பக்கம் திறந்த கடல், இரண்டுக்கும் நடுவே இடுப்புப் போல ஒடுங்கிய நிலம் முழுக்க விளக்குகள்.

மலையைப் பற்றி இன்னொன்று. 1890களின் இறுதியில் ராணுவம் அங்கே பீரங்கிக் கோட்டை கட்டத் தொடங்கியது. அதிலிருந்து 1945 வரை பொதுமக்கள் ஏறக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வரையவும் கூடாது. ஊரின் நடுவிலேயே நின்ற மலையை ஊர்க்காரர்கள் அரை நூற்றாண்டு காலம் கீழிருந்து மட்டுமே பார்த்தார்கள். அதன் பலனாகக் காடு தப்பித்தது. இன்று அங்கே சுமார் 600 தாவர இனங்கள் இருக்கின்றன. பீரங்கி மேடைகளின் சிதைவுகளும் காட்டுக்குள் அப்படியே உள்ளன. ரோப் காரில் ஏறி இறங்குகிறவர்கள் இவற்றைப் பார்ப்பதில்லை. பகலில் நடந்து ஏறினால் பார்க்கலாம்.

ஜப்பானியர்கள் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்வியைக் குறைவாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நகர எல்லைக்குள் வரும் மினாமிகயாபே பகுதியில், ஜப்பானின் தொல்பழங்காலமான ஜோமோன் காலத்துக் குடியிருப்புகள் கிடைத்திருக்கின்றன. ஓஃபுனே, ககினோஷிமா என்ற இரண்டு இடங்களும் 2021ல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. வேட்டையாடியும் மீன் பிடித்தும் காய்கனி சேகரித்தும் வாழ்ந்தவர்கள், ஓரிடத்திலேயே நிலைத்துத் தங்கி பல ஆயிரம் ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். 1975ல் இதே பகுதியில் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது, உள்ளே குடைவான ஒரு சுடுமண் உருவம். 41 செ.மீ.க்கு மேல் உயரம். 2007ல் அது ஹொக்கைடோவின் முதல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. 2011ல் திறந்த ஜோமோன் பண்பாட்டு மையத்தில் அதைப் பார்க்கலாம்.

அப்புறம் இந்தத் தீவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள். பிற்காலத்தில் ஜப்பானிய வணிகர்கள் குடியேறத் தொடங்கியபோது ஹொக்கைடோ ஐனு நிலம். 15ஆம் நூற்றாண்டில் ஜப்பானியத் தலைவர்கள் தென்கரையில் வரிசையாகச் சிறு கோட்டைகள் கட்டிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று ஷினோரி. இன்றைய விமான நிலையத்தின் பக்கம். 1456ல் அங்கே ஒரு ஐனு இளைஞர் கொல்லரிடம் சிறு கத்தி செய்யச் சொன்னார். தரத்திலோ விலையிலோ தகராறு முற்றி, கொல்லர் அந்த இளைஞரையே குத்திக் கொன்றுவிட்டார். அடுத்த ஆண்டு கோஷமாயின் என்ற ஐனு தலைவரின் கீழ் மக்கள் எழுந்தார்கள். 12 கோட்டைகளில் 10 விழுந்தன. கடைசியில் கோஷமாயினும் அவர் மகனும் கொல்லப்பட, எழுச்சி அடங்கியது.

ஷினோரி கோட்டை அருகே 1968ல் சாலை வேலையின்போது மூன்று பெரிய ஜாடிகள் கிடைத்தன. உள்ளே 3,70,000க்கும் மேற்பட்ட செப்புக் காசுகள், பெரும்பாலும் சீனக் காசுகள். அந்தக் காலத்திலேயே இந்தக் கரையில் எவ்வளவு வணிகம் புழங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. அந்த வணிகத்தின் செல்வம் ஐனு மக்களின் கையிலிருந்து படிப்படியாக நழுவியதும் இதே கரையில்தான்.

மீனவ ஊர் துறைமுகமாக மாறியது எப்படி?

கப்பல்களால். குறிப்பாகத் தக்கடாயா கஹேய் என்ற வணிகரால்.

அவாஜி தீவில் 1769ல் பிறந்தவர். ஜப்பானின் மேற்குக் கரையோரமாக ஒசாகாவுக்கும் வடக்குக்கும் இடையே ஓடிய வணிகக் கப்பல்களை நடத்தினார். வடக்கே அரிசியும் உப்பும் மதுவும் துணியும் போகும். திரும்பும்போது கொம்பு என்ற வகைக் கடற்பாசியும், ஹெர்ரிங் மீனிலிருந்து செய்த உரமும் வரும். தெற்கே பருத்தி வயல்களுக்கு அந்த உரம் உயிர்நாடி. 1790களின் இறுதியில் கஹேய் ஹக்கோடாட்டேயைத் தன் வணிகத் தளமாக்கிக்கொண்டார். 1806ல் ஊர் எரிந்தபோது வீடிழந்தவர்களுக்கு உதவி, ஊரைத் திரும்ப எழுப்ப முன்னின்றவரும் அவரே.

1811ல் குனாஷிர் தீவில் கொலொவ்னின் என்ற ரஷ்யக் கடற்படைத் தலைவரை ஜப்பானியர்கள் பிடித்து வைத்தார்கள். பதிலுக்கு அவருடைய துணைத் தலைவர் ரிக்கோர்ட் 1812ல் நடுக்கடலில் கஹேயைப் பிடித்துக் கம்சாட்காவுக்குக் கொண்டுபோனார். கஹேய் அங்கே குளிர்காலம் முழுக்க இருந்தார். ரஷ்ய மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டார். உடன் வந்தவர்களில் சிலரை நோய்க்குப் பறிகொடுத்தார். ஆனாலும் பழிவாங்கும் பேச்சில்லை. இரண்டு அரசுகளுக்கும் நடுவில் நின்று பேசி, 1813ல் கொலொவ்னினை இதே துறைமுகத்தில் ரஷ்யக் கப்பலிடம் ஒப்படைக்கச் செய்தார். இரு தரப்பிலும் குண்டு வெடிக்காமல் முடிந்தது. எந்தப் பதவியும் இல்லாத ஒரு கப்பல் வணிகர் செய்த காரியம் இது. அவருடைய சிலை மலைச்சரிவில் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

வெளிநாட்டவர் கட்டடங்கள் இவ்வளவு ஏன்?

1854ல் அமெரிக்கத் தளபதி பெரியுடன் ஜப்பான் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இரண்டு துறைமுகங்களைத் திறந்தது: ஷிமோடா, ஹக்கோடாட்டே. வட பசிபிக்கில் திமிங்கலம் பிடிக்கும் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தண்ணீர், விறகு, உணவு வேண்டும். காற்றுக்கு மறைவான, ஆழமான விரிகுடா வேண்டும். ஹக்கோடாட்டே அதற்குப் பொருத்தமாக இருந்தது. அதே ஆண்டு மே மாதம் தளபதி பெரி தானே கப்பல்களோடு வந்து பார்த்தார். அவருடைய மாலுமிகள் இருவர் இங்கேயே இறந்து, ஊர்க் கல்லறையில் அடக்கம் ஆனார்கள். 1859ல் யோகோஹாமா, நாகசாகியோடு சேர்ந்து முழு வணிகத் துறைமுகம் ஆனது.

அதன் பிறகு தூதரகங்கள், தேவாலயங்கள், சீன வணிகர்கள் எல்லாம் வந்தார்கள். மோட்டோமாச்சி என்ற மலைச்சரிவுப் பகுதியில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம், கத்தோலிக்கத் தேவாலயம், ஆங்கிலிக்கன் தேவாலயம், ஒரு பெரிய பௌத்தக் கோயில் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்தப் பௌத்தக் கோயில் 1915ல் கட்டியது. ஜப்பானில் கம்பி போட்ட கான்கிரீட்டில் எழுந்த முதல் கோயில் அதுதான். பல பழைய கடை வீடுகளில் கீழ்த்தளம் ஜப்பானிய மரச் சட்டம், மேல்தளம் வெளிர் நிறப் பலகையும் மேற்கத்திய ஜன்னலும்.

வந்தவர்கள் மட்டுமல்ல, இந்தத் துறைமுகம் வழியாக வெளியேறியவர்களும் முக்கியம். வெளிநாடு போனால் மரண தண்டனை என்ற சட்டம் இருந்த 1864ல், நீஜிமா ஜோ என்ற இளைஞர் இங்கே இரவோடு இரவாக ஓர் அமெரிக்கக் கப்பலில் ஏறினார். படித்துத் திரும்பி, 1875ல் கியோட்டோவில் தோஷிஷா கல்வி நிலையத்தைத் தொடங்கினார். கிளம்புவதற்கு முன் நீஜிமா இந்த ஊரில் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தது நிகோலாய் என்ற ரஷ்யப் பாதிரியாருக்கு. 1861ல் இங்கே வந்த அந்தப் பாதிரியார் பிற்பாடு டோக்கியோவில் பெரிய பேராலயம் எழுப்பினார். 1860களின் ஹக்கோடாட்டேயில் ஒரே தெருவில் இப்படிப்பட்ட இருவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

நட்சத்திர வடிவக் கோட்டை எதற்காகக் கட்டினார்கள்?

கோர்யோகாக்கு என்ற ஐந்து முனைக் கோட்டை. துறைமுகத்தைத் திறந்த பிறகு, கடல் பீரங்கிக்கு எட்டாத தூரத்தில் ஆளுநர் அலுவலகம் வேண்டும் என்று, அப்போது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் அரசு நினைத்தது. டச்சு நூல்கள் வழியே மேற்கத்திய அறிவியல் படித்த தக்கேடா அயசபுரோ ஐரோப்பியக் கொத்தளக் கோட்டைகளின் மாதிரியில் வரைந்தார். 1857ல் வேலை தொடங்கி, 1864ல் அலுவலகம் குடிவந்தது. பணம் போதாததால் முன்புற முக்கோணக் காவல் மேடை ஒன்றே ஒன்றுதான் கட்டினார்கள். மேலிருந்து பார்த்தால் இந்தக் குறை பளிச்சென்று தெரியும்.

1869ல் இங்கே நடந்த போர் (அடுத்த பதிலில் வரும்) முடிந்த பின் அகழி வேறு வேலைக்கு வந்தது. நககாவா கஹேய் என்ற வணிகர் (மேலே சொன்ன கஹேய் வேறு) 1870களில் குளிர்காலத்தில் அகழியில் உறையும் பனிக்கட்டியை அறுத்து யோகோஹாமாவுக்கும் டோக்கியோவுக்கும் கப்பலில் அனுப்பினார். அதுவரை பாஸ்டனிலிருந்து உலகைச் சுற்றி வந்த பனிக்கட்டியை இது வெளியேற்றியது. 1914ல் கோட்டை பூங்காவானது. ஏப்ரல் இறுதியில் சுமார் 1,500 செர்ரி மரங்கள் பூக்கும்.

இங்கே ஒரு குடியரசு இருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. 1868ல் ஷோகுன் ஆட்சி கவிழ்ந்து பேரரசர் பெயரில் புதிய அரசு வந்தது. ஷோகுனின் கடற்படைத் தலைவர்களில் ஒருவரான எனோமோட்டோ தகேயாகி கப்பல்களை ஒப்படைக்க மறுத்து, எட்டுக் கப்பல்களோடு வடக்கே கிளம்பினார். நெதர்லாந்தில் படித்தவர். அவரோடு தோற்ற பக்கத்துச் சாமுராய்கள் பலர், ஜூல் ப்ருனே தலைமையில் சில பிரெஞ்சு அதிகாரிகள், கியோட்டோவில் பேர் பெற்ற ஷின்செங்குமி படையின் ஹிஜிகாட்டா தோஷிஸோ. டிசம்பரில் கோர்யோகாக்கு இவர்கள் கைக்கு வந்தது.

பிறகு வாக்கெடுப்பு நடத்தி எனோமோட்டோவைத் தலைவராக்கினார்கள். வாக்களித்தவர்கள் படையின் மேல்நிலை ஆட்கள் மட்டுமே. ஊர் மக்களுக்கோ ஐனு மக்களுக்கோ அதில் இடமில்லை. தங்கள் அமைப்பை இவர்களே குடியரசு என்று அழைக்கவும் இல்லை. பேரரசரிடம் இவர்கள் கேட்டது, பிழைப்பிழந்த ஷோகுன் ஆட்கள் ஹொக்கைடோவில் குடியேறி வாழ அனுமதி. அது மறுக்கப்பட்டது. ஆகவே 'ஜப்பானின் முதல் குடியரசு' என்று பெருமையாக எழுதுவது மிகை. வாக்குச் சீட்டால் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது மட்டும் அந்தக் காலத்துக்குப் புதுமை.

ஆறே மாதம்தான். மிகப் பெரிய போர்க்கப்பலான கையோ மாருவை எசாஷி கரையில் புயல் கொண்டுபோனது. 1869 வசந்தத்தில் அரசுப் படை இறங்கியது. ஜூன் 20 அன்று நடந்த பெருந்தாக்குதலில் ஹிஜிகாட்டா குண்டடி பட்டு இறந்தார். ஜூன் 27 அன்று கோட்டை சரணடைந்தது.

இந்தப் போரில் என் மனதில் நிற்பவர்கள் மூன்று பேர். முற்றுகைக்குள் இருந்த எனோமோட்டோ, தன்னிடம் இருந்த கடல் சட்ட நூல் தீயில் அழிந்தால் நாட்டுக்கே நஷ்டம் என்று அதை எதிரித் தளபதி குரோடா கியோட்டகாவுக்கு அனுப்பிவைத்தார். குரோடா பதிலுக்கு மது அனுப்பினார். போர் முடிந்ததும் எனோமோட்டோவைத் தூக்கிலிடக் கூடாது என்று மன்றாடித் தன் தலையை மழித்துக்கொண்டார். உயிர் பிழைத்த எனோமோட்டோ 1875ல் ரஷ்யாவோடு எல்லை ஒப்பந்தம் போட்ட ஜப்பானியத் தூதர் ஆனார்.

இரண்டாமவர் பாரிஸில் மருத்துவம் கற்ற தகமட்சு ர்யோவுன். ஹக்கோடாட்டே மருத்துவமனையில் இரு தரப்புக் காயம்பட்டவர்களையும் ஒன்றாகக் கிடத்தி வைத்தியம் பார்த்தார். மூன்றாமவர் ஊர்ச் சண்டியர் என்று பேர் வாங்கிய யனகாவா குமகிச்சி. தோற்ற பக்கத்துப் பிணங்களைத் தொடக் கூடாது என்ற தடை இருந்தும், தெருவில் கிடந்த உடல்களை ஆட்களோடு சேர்ந்து எடுத்துப் புதைத்தார். 1875ல் அவர்களுக்காக எழுப்பிய ஹெக்கெட்சுஹி நினைவுக்கல் மலையடிவாரக் காட்டுக்குள் இருக்கிறது. கூட்டமே இருக்காது. கோட்டைக்குப் போகிறவர்கள் அங்கேயும் போக வேண்டும்.

தெருக்கள் ஏன் இவ்வளவு அகலம்?

தீ. ஹக்கோடாட்டேயின் வரலாற்றை ஒரே சொல்லில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மூன்று பக்கமும் கடல், எந்தத் திசையிலிருந்தும் பலத்த காற்று, மர வீடுகள், ஒடுங்கிய நிலம். 1878, 1879 தீக்களுக்குப் பிறகு, மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சரிவுத் தெருக்களைத் தீ தாண்டாதபடி அகலப்படுத்தினார்கள். நிஜுக்கென்சாகா என்ற சரிவு 36 மீட்டர் அகலம். இன்று எல்லோரும் படம் எடுக்கும் சரிவுத் தெருக்களின் அழகு இப்படி வந்ததுதான். 1889ல் யோகோஹாமாவுக்கு அடுத்தபடியாக ஜப்பானின் இரண்டாவது நவீனக் குடிநீர்த் திட்டம் இங்கே வந்தது.

அப்படியும் 1907ல் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. சோமா டெப்பேய் என்ற வணிகர் தானும் பெரும் இழப்புக்கு ஆளாகியிருந்த நேரத்தில், பொது மண்டபம் கட்ட 50,000 யென் கொடுத்தார். 1910ல் எழுந்த நீலமும் மஞ்சளும் பூசிய பழைய பொது மண்டபம் அதுதான். ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் அந்தத் தீக்குப் பின் 1916ல் மறுபடி கட்டியது.

எல்லாவற்றையும் விடக் கொடியது 1934 மார்ச் 21. மாலை ஏழு மணிக்குச் சற்று முன் ஊரின் தெற்கு ஓரத்தில் பிடித்த தீயைப் புயல் காற்று ஊருக்குள் தள்ளியது. நடுவில் காற்று திசை மாறியது. தப்பித்தோம் என்று நினைத்தவர்கள் இருந்த பக்கமே தீ திரும்பியது. ஓமோரி கடற்கரைக்கு ஓடியவர்களைப் பின்னால் தீயும் முன்னால் அலையும் நெருக்கின. ஆற்றுப் பாலம் எரிந்து விழுந்தது. எரிந்தவர்கள், மூழ்கியவர்கள், உறைபனியில் விறைத்தவர்கள் என்று 2,166 பேர் இறந்தார்கள். இரண்டு லட்சம் பேர் வாழ்ந்த ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் பாதிக்கப்பட்டார்கள்.

அதன் பிறகு 55 மீட்டர் அகலத்தில், நடுவில் மரம் நட்ட பெருஞ்சாலைகள் வெட்டி ஊரைப் பல துண்டுகளாகப் பிரித்தார்கள். 1935ல் துறைமுகத் திருவிழா தொடங்கியது, துவண்டு கிடந்த மக்களைத் தெம்பூட்டத்தான். இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. கணவாய் நடனத்தில் ஊரே தெருவில் இறங்கும்.

அவோமோரிக்கு ஓடிய கப்பல் என்ன ஆனது?

1908 முதல் அரசு ரயில்வேயின் கப்பல்கள் 113 கி.மீ. நீரிணையைக் கடந்தன. ரயில் பெட்டிகளையே தூக்கிக்கொண்டு போகும் கப்பல்களும் வந்தன. ஹொக்கைடோவுக்குக் குடியேறியவர், படிக்கப் போனவர், வேலைக்கு வந்தவர் எல்லோருக்கும் இந்த ஊர்தான் வாசல்.

1954 செப்டம்பர் 26 மாலை, சூறாவளி கடந்துவிட்டது போல வானம் கொஞ்ச நேரம் தெளிந்தது. அதை நம்பித் தோயா மாரு என்ற ரயில் கப்பல் கிளம்பியது. உண்மையில் சூறாவளி வேகம் குறைந்து, வலுத்துக்கொண்டிருந்தது. ரயில் பெட்டிகள் ஏறும் பின்புற வாய் வழியே தண்ணீர் புகுந்து, எஞ்சின் நின்று, கரைக்கு அருகிலேயே கப்பல் கவிழ்ந்தது. 1,155 பேர் இறந்தார்கள். அதே இரவில் மேலும் நான்கு ரயில் கப்பல்கள் மூழ்கின; மொத்தம் 1,430 உயிர்கள்.

கடலுக்கடியில் சுரங்கம் வேண்டும் என்ற பேச்சு இதன் பிறகுதான் வேகம் பிடித்தது. 53.85 கி.மீ. நீளமுள்ள செய்கான் சுரங்கம் 1988 மார்ச் 13 அன்று திறந்தது. தண்டவாளம் கடல் மட்டத்துக்கு 240 மீட்டர் கீழே போகிறது. கட்டுமானத்தில் 34 பேர் உயிரிழந்தார்கள். ரயில்வே கப்பல் சேவை அந்த ஆண்டோடு முடிந்தது. மாஷு மாரு என்ற கப்பலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். நீரிணையைக் கடக்க எல்லோரும் இறங்கி ஏறிய ஊர், கடந்துபோகும் ஊர் ஆனது. வடகடல் மீன்பிடிப்பும் 1977ல் நாடுகள் 200 கடல் மைல் எல்லை வகுத்த பிறகு சுருங்கிவிட்டது. மக்கள்தொகை ஏன் குறைகிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டும் முக்கியமான காரணங்கள்.

சோவியத் போர் விமானம் இறங்கியது இங்கேதானா?

ஆம். 1976 செப்டம்பர் 6 அன்று விக்டர் பெலென்கோ என்ற விமானி மிக்-25 விமானத்தோடு ஹக்கோடாட்டே விமான நிலையத்தில் இறங்கி, அமெரிக்காவில் புகலிடம் கேட்டார். விமானத்தைப் பிரித்துப் பார்த்த பிறகு துண்டுகளாகப் பெட்டிகளில் திருப்பி அனுப்பினார்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

கணவாய் இந்த ஊரின் அடையாளம், ஆனால் சமீப ஆண்டுகளில் பிடிப்பு வெகுவாகக் குறைந்து விலை ஏறிவிட்டது. தெளிந்த உப்புச் சாறில் வரும் ராமென் நூடுல்ஸ் இங்கே புகழ்பெற்றது. மினாமிகயாபேயின் கொம்பு கடற்பாசி ஜப்பானிலேயே உயர்ந்த ரகங்களில் ஒன்று. சைவர்களுக்குச் சிரமம்தான். காய்கறி உணவு போலத் தெரிவதிலும் மீன் ரசம் கலந்திருக்கும். உப்பு ராமெனின் சாறு பன்றி, கோழி எலும்பில் கொதித்தது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை நாள் வேண்டும்? எப்படிச் சுற்றுவது?

இரண்டு இரவு. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் சுமார் 4 மணி நேரம். ஆனால் 2016ல் திறந்த ஷின்-ஹக்கோடாட்டே-ஹொக்குடோ நிலையம் பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கிருந்து உள்ளூர் ரயிலில் இன்னும் 20 நிமிடம் போல ஆகும். ஊருக்குள் 1913 முதல் ஓடும் மின்சார டிராம் போதும். கோட்டை, மோட்டோமாச்சி சரிவுகள், யுனோகாவா வெந்நீர் ஊற்று மூன்றுக்கும் அதிலேயே போகலாம்.

முதல் நாள் பகலில் மோட்டோமாச்சி, ஹெக்கெட்சுஹி. இருட்டுவதற்கு அரை மணி முன் மலை மேல் இடம் பிடித்துவிடுங்கள். மறுநாள் கோட்டையும் மாஷு மாருவும். ஜோமோன் மையம் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் அதற்கு அரை நாள் தனியாக வையுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனிக்க: மலைச் சாலையில் மாலை நேரத்தில் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை, குளிர்காலத்தில் சாலையே மூடியிருக்கும். ரோப் கார் மூன்று நிமிடத்தில் மேலே கொண்டுவிடும்.